காட்மாண்டுவில் ‘நூத்தி இருபது வருஷத்துக் கிண்ணம்’: 30,000 ரூபாய் போச்சு. முக்திநாத் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நேபாளத்தில் என்ன வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்கலாம் என்று கடைசியில் டிப்ஸ் தருகிறேன். முதலில் நான் ஏமாந்ததைக் கேளுங்கள்.

108 திவ்ய தேசத்தில் முக்திநாத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் பல வருஷ ஆசை. காட்மாண்டுவில் இறங்கி, பசுபதிநாதரைச் சேவித்துவிட்டு, சாயங்காலம் தமேலில் சும்மா நடந்தோம். டூரிஸ்டுகள் தங்கும் ஏரியா. சந்துக்குச் சந்து கைவினைப் பொருள் கடைதான். நாங்கள் நுழைந்தது சிங்கிங் பவுல் (தட்டினால் மணி மாதிரி ரீங்கரிக்கும் உலோகக் கிண்ணம்), தங்கா ஓவியம் (துணியில் வரையும் பௌத்த ஓவியம்), சால்வை எல்லாம் வைத்திருக்கும் நடுத்தரமான கடை. பெயரைப் போட்டால் வேறு வம்பு வரும், வேண்டாம்.

கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். எந்த ஊர் என்று இந்தியில் கேட்டான். சென்னை என்றதும் எழுந்து நின்று கும்பிட்டான். “பசுபதிநாத் கோயில் பட்டர்களே தெற்கேயிருந்து வந்தவங்கதானே மாதாஜி, நீங்க எங்களுக்கு குரு வீட்டுக்காரங்க” என்றான். பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள் என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்தே அம்மாவை உருக்கிவிட்டான். டீ வந்தது, ஸ்டூல் வந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைக் கவனித்திருக்கிறான். மேல் தட்டிலிருந்து சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கிண்ணத்தை இறக்கினான். கரும்பழுப்பு நிறம், உள்ளே புத்தர் உருவம். அதை அம்மாவின் முழங்காலில் வைத்து, தோல் சுற்றிய கட்டையால் மெல்லத் தட்டினான். ஙொய்ய்ங் என்று கிளம்பி அடங்கவே இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “எலும்புக்குள்ள போறதுடி” என்றாள்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். கிண்ணத்தைப் பார்த்து விழவில்லை, அம்மா முகத்தைப் பார்த்து விழுந்தேன். அவனும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இப்போது புரிகிறது.

திபெத் மடத்திலிருந்து வந்தது, 120 வருஷப் பழசு, பௌர்ணமி ராத்திரி அடித்தது, ஏழு உலோகம், அதில் தங்கமும் உண்டு என்று அடுக்கினான். விலை 80,000 நேபாள ரூபாய். பேரம் பேசிப் பேசி 48,000. நம் காசுக்கு 1.6 ஆல் வகுத்தால் சரியாக 30,000 ரூபாய். கார்டு போட்டால் மற்ற கடையில் 4 சதவீதம் கூட வாங்குவார்கள், “தீதிக்கு (அக்காவுக்கு) அது வேண்டாம்” என்று பெருந்தன்மை வேறு. ஏதோ முத்திரை குத்திய ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து, முக்திநாத் தரிசனம் முடிந்து போக்ராவில் ஹோட்டல் அறை. அம்மா கிண்ணத்தை எடுத்து, சாப்பாட்டுத் தட்டில் மிச்சமிருந்த எலுமிச்சை மூடியால் ஓரத்தில் தேய்த்தாள். வெண்கலப் பானை தேய்த்தே வளர்ந்த கை, சும்மா இருக்குமா? நாலு தேய்ப்பில் அந்த ‘120 வருஷம்’ பூட் பாலிஷ் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் பளபளவென்று மஞ்சள். அம்மா என்னைப் பார்க்காமலே, “பித்தளைடி” என்றாள். அதற்கப்புறம் ராத்திரி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

காட்மாண்டு திரும்பியதும் நேரே பக்கத்திலிருக்கும் பாட்டன் என்ற ஊருக்குப் போனேன். லலித்பூர் என்றும் சொல்வார்கள். நேவார் கைவினைஞர்கள் மெழுகு வார்ப்பில் சிலை செய்யும் ஊர், நம் சுவாமிமலை மாதிரி. அங்கே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்து, உள்பக்கம் நகத்தால் தடவிக் காட்டினார். இசைத்தட்டில் இருப்பது போல வட்ட வட்டமாக மெல்லிய கோடு. கடைசல் மெஷின் போட்ட கோடு. கையால் அடித்தது என்றால் உலோக வட்டை நெருப்பில் காய்ச்சி, மூன்று நாலு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள், சுத்தியல் பட்ட சின்னச் சின்னக் குழி உள்ளே தெரியும், விளிம்பும் ஒரே கனமாக இருக்காது என்று சொல்லி, அவரிடம் இருந்த ஒன்றைக் கையில் கொடுத்தார். தடவினால் கொத்திய அம்மிக்கல் மாதிரி இருந்தது. ஏழு உலோகக் கதைக்குச் சிரித்தார். நல்ல கிண்ணம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், அவ்வளவுதான். அந்தப் புத்தர் உருவமும் ஆசிட் வைத்து அரித்த புது வேலையாம். தராசில் வைத்தார், 900 கிராம். “மூவாயிரம் நேபாளி தேறாது” என்றார். நான் கொடுத்தது 48,000.

கடைக்குப் போனேன். அதே ஆள் இல்லை, வேறொரு பையன். “முதலாளி ஊரில் இல்லை, நாளை வாங்க.” நாளை காலை எனக்கு ஃப்ளைட். போன் போடச் சொன்னேன். போட்டான், நேபாளியில் ஏதோ பேசினான், இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம், “பில்லைக் காட்டுங்க” என்றான். பில்லில் இருந்தது ‘மெட்டல் பவுல் ஒன்று, திருப்பி வாங்கப்படாது’ என்று மட்டும். சர்டிபிகேட்டை நீட்டினேன். “இது சும்மா கிஃப்ட்டுக்குக் கொடுக்கிறது தீதி.” பழசு என்றீர்களே? “பழசு ஸ்டைல்னு சொல்லியிருப்பாங்க.” கடைசியில், பணம் கிடையாது, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு சால்வையை, அசல் பஷ்மினா கம்பளி என்று நிரூபிக்கிற மாதிரி, மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டினான். மெல்லிசாக இருந்தால் விஸ்கோஸ் என்ற மலிவான செயற்கை நூல்கூட மோதிரத்துக்குள் போகும்! இதற்கு மேலும் ஏமாற நான் தயாராக இல்லை, வந்துவிட்டேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதியில்லாமல் நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். அவன் சொன்னது நிஜமாக இருந்திருந்தால் ஏர்போர்ட்டில் நான் மாட்டியிருப்பேன். இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் 120 வருஷம் என்றபோதே எழுந்து வந்திருப்பேனே.

கடைக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. கார்டு கொடுத்த வங்கிக்குப் போன் செய்தால், “மேடம், பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க?” ஆமாம், நான்தான் போட்டேன். 30,000 ரூபாய்க்கு நானே பின் போட்டேன்.

டிப்ஸ் தருகிறேன் என்றேன், எழுதுவதற்குள் கை நடுங்குகிறது. அவசரமாகச் சில மட்டும். யாராவது ‘ஆன்டிக்’ என்றால், வெளியே கொண்டுபோகலாம் என்ற தொல்லியல் துறைச் சீட்டு எங்கே என்று கேளுங்கள், ஆள் சுருதி இறங்கிவிடுவான். கிண்ணத்தை எடை போடச் சொல்லுங்கள், கையால் அடித்ததை அங்கே பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். சால்வை என்றால் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி, காகித வாசனை வந்தால் விஸ்கோஸ், உருகி மணியாகத் திரண்டால் அக்ரிலிக். தங்காவை லென்ஸ் வைத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக இருந்தால் அச்சு. சொன்னதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். டூரிஸ்ட் போலீஸ் காட்மாண்டுவிலேயே பிருகுடி மண்டபம் என்ற இடத்தில் இருக்கிறார்களாம், ஃப்ளைட் ஏறின பிறகு தெரிந்து எனக்கு என்ன பிரயோஜனம்.

எல்லாரும் திருடர்கள் என்று சொல்லவில்லை. பாட்டன் பெரியவர் ஒரு பைசா வாங்கவில்லை. வரும் வழியில் வாங்கிய, லோக்தா என்ற செடியின் பட்டையில் செய்த காகித நோட்டு அவ்வளவு அழகு.

பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன், 45 நாள் ஆகும் என்கிறார்கள். ஏதாவது தெரிந்தால் இங்கேயே எழுதுகிறேன். இப்படிக் கார்டு பணம் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.