டி.என்.எஃப்.பா, ஐ.எல்.-17ஆ: முதுகை முடக்கும் வாதத்துக்கு எந்த ஊசி?

டெல்டாவில் முதுகுவலி என்றால் பழி நடவுக்கும் களையெடுப்புக்கும்தான் போகும். வேலையால் வந்த வலி படுத்தால் தணியும். முதுகெலும்பைத் தாக்கும் வாதநோயான ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நேர்மாறு. பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். ஓய்வில் ஏறும், நடமாடினால் இறங்கும். விடியற்காலையில் குனிந்து செருப்பை மாட்டவே அரை மணி நேரம் பிடிக்கும். மூன்று மாதம் இப்படி இழுத்தால் வாதநோய் மருத்துவரைப் பார்ப்பதே சரி. தைலமும் பட்டியும் இதற்கு உதவாது.

அழற்சி தணிக்கும் மாத்திரைகளும் உடற்பயிற்சியும் போதாதபோதுதான் ஊசி. எதிர்ப்பாற்றல் செல்கள் தமக்குள் சேதி அனுப்பும் புரதங்களே சைட்டோகைன்கள். அழற்சியை மூட்டும் சைட்டோகைன் ஒன்றைத் தடுப்பதே ஊசியின் வேலை. எதைத் தடுப்பது என்பதுதான் கேள்வி. டி.என்.எஃப்.பைப் பெரும்பாலும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் சுரக்கின்றன. அடலிமுமாப், எட்டனர்செப்ட் போன்றவை அதை மறிக்கின்றன. ஐ.எல்.-17ஐச் சில டி செல்கள் சுரக்கின்றன. தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில் அதற்கு வேலை அதிகம். அதை மறிப்பது செக்குகினுமாப்.

ஐ.எல்.-17 சுரக்கத் தூண்டுவது ஐ.எல்.-23. அதைத் தடுத்தாலே போதுமே என்று உஸ்டெகினுமாப், ரிசான்கிஸுமாப் இரண்டையும் சோதித்தார்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோயில் வென்ற மருந்துகள் முதுகெலும்பில் தோற்றன. தலைமடையை அடைத்தும் கடைமடையில் தண்ணீர் நின்ற கதை. ஐ.எல்.-23 இன்றியே ஐ.எல்.-17 சுரக்கும் செல்கள் அங்கே இருப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சரி, டி.என்.எஃப்., ஐ.எல்.-17 இரண்டில் எது மேல்? செக்குகினுமாபையும் அடலிமுமாபின் நகல் மருந்தையும் (பயோசிமிலர்) நேருக்கு நேர் நிறுத்திய சர்பாஸ் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் இரு தரப்பிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு எக்ஸ்ரேயில் எலும்புச் சேதம் கூடவில்லை. முதுகெலும்பை மட்டும் பார்த்தால் சமநிலைதான்.

தீர்ப்பு சொல்வது மற்ற உறுப்புகள். கண் சிவந்து வலிக்கும் யுவைட்டிஸ் அடிக்கடி வந்தால் அடலிமுமாப். எட்டனர்செப்ட் அங்கே அவ்வளவு கைகொடுக்காது. குடல் அழற்சி இருந்தாலும் அடலிமுமாப்தான், ஐ.எல்.-17 தடுப்பு கிரோன் என்ற குடல் அழற்சி நோயைக் கிளறிவிடலாம். தோலில் சொரியாசிஸ் படர்ந்திருந்தால் செக்குகினுமாப் முந்துகிறது. வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம், பெரும்பாலும் சமாளிக்கக்கூடியதே.

நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டி.பி. நிற்கிறது. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைக்க டி.என்.எஃப். வேண்டும், அதை மறித்தால் கிருமி விழிக்கலாம். எந்த ஊசியானாலும் மார்பு எக்ஸ்ரேயும் டி.பி. சோதனையும் முதலில் செய்ய வேண்டும். ஐ.எல்.-17 தடுப்பில் இந்த அபாயம் மிகக் குறைவு. கண்ணும் குடலும் சுத்தமாக இருந்தால் என் ஓட்டு அதற்கே. ஆனால் அடலிமுமாபுக்கு 2014 முதல் இந்திய நகல் மருந்து கிடைக்கிறது. பணம் கட்டுபவருக்கு அதுவும் ஒரு நியாயம்தான்.

இரண்டு ஊசியையும் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் சிரமம் புரியும். இந்நோய்க்கே தரப்படும் டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரைக்குக் குளிர்பெட்டி வேண்டாம். ஆனால் அக்கி, இரத்தக்கட்டி அபாயம் உண்டு, டி.பி. சோதனையிலிருந்தும் விலக்கு இல்லை. 2021 டிசம்பரில் அமெரிக்கா அதை இந்நோய்க்கு அனுமதித்தபோதுகூட, டி.என்.எஃப். தடுப்பு பலிக்காதவர்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னது.