இன்வெர்ட்டருக்கு முழு மார்க், மானியத்துக்குப் பூஜ்ஜியம்
லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுதான் நின்றுவிட்டதே, இனி இன்வெர்ட்டர் எதற்கு என்று தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் பலர் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான வெட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் வாங்கியது 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் 5 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும். சோலார் பேனல் இல்லை, பட்ஜெட் அங்கேயே முடிந்துவிட்டது.

பொருள் அருமை. கரண்ட் போவதே தெரியாது, டிவி சீரியல் பாட்டுக்கு ஓடும். ஃபிரிட்ஜ், லைட், வைஃபை எல்லாம் போட்டும் நாலரை மணி நேர வெட்டில் பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியதில்லை. கீசரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அது ஒன்றே மூன்று கிலோவாட் இழுக்கும். மலிவு என்று ஜெல் பேட்டரி (ஈய-அமில வகை) பக்கமும் போக வேண்டாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதற்கு ஆயுசு கிடையாது, ஸ்டேஜ் 6-இல் திரும்ப நிரம்ப நேரமும் கிடைக்காது.

மாட்டிக் கொடுத்தவரின் சர்வீஸ்தான் மோசம். பணத்தை வாங்கிக்கொண்டு மின் இணக்கச் சான்றிதழுக்கு வாரக்கணக்கில் அலையவிட்டார், அது இல்லாமல் இன்ஷூரன்ஸில் பிரச்சினை வரும்.

அப்புறம் அரசாங்கம் கொடுத்த சலுகை. 2023 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட், வருமான வரியில் கழிவு. பேனலுக்கு மட்டும்தான், இன்வெர்ட்டருக்கோ பேட்டரிக்கோ ஒரு சென்ட் கிடையாது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத பென்ஷன்காரப் பாட்டிக்கு எதுவுமில்லை, வாடகை வீட்டுக்காரர் அடுத்தவன் கூரையில் பேனல் போடவா முடியும்? நாட்டுக்கு மெகாவாட் சேர்ப்பது பேனல்தான், பேட்டரி இல்லை என்ற கணக்கு புரிகிறது, ஆனால் மெடுபி, குசிலே அனல்மின் நிலையங்களைக் கட்டி முடிக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்ததற்கு ஏற்கெனவே மின் கட்டணத்தில் கொடுத்துவிட்டு, வீட்டு விளக்குக்கு மறுபடியும் நாமே கொடுத்தோம், அதிலும் கையில் காசு இருந்தவனுக்குத்தான் தள்ளுபடி.

2024 மார்ச் கடைசியில் நின்ற வெட்டு பத்து மாதம் எட்டிப் பார்க்கவில்லை, 2025 ஜனவரி கடைசியில் ஒருநாள் திடீரென்று திரும்பி வந்தது. டவுன்ஷிப் எனப்படும் ஏழை உழைப்பாளிக் குடியிருப்புகளில், லைனில் சுமை கூடுகிறது என்று 'லோட் ரிடக்ஷன்' என்ற பெயரில் இடையிலும் வெட்டு இருந்தது, அதைச் சாதனைக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

சரி, வாங்கலாமா? பேட்டரி விலை அப்போதைக்கு இப்போது நன்றாகவே இறங்கியிருக்கிறது, கேபிள் திருட்டால் கரண்ட் போகும் தெரு என்றால் வாங்குங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை கடைசித் தவணையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.