ஸ்பின்னிங் ரீலா, ட்ரோலிங் ரீலா?

நாகப்பட்டினத்திலிருந்து ஃபைபர் படகில் தூண்டிலில் வஞ்சிரம், பாறை மீன் பிடிக்கப் போகிறவர் ஒரு செட்தான் வாங்க முடியும் என்றால், 6000 அளவு ஸ்பின்னிங் ரீலும் (தூண்டில் நரம்பு சுற்றும் உருளை) 7 அடி ராடும் (தூண்டில் கம்பு) எடுங்கள். வீசலாம், ஜிக் (மேலும் கீழும் ஆட்டி இழுக்கும் உலோகப் போலி இரை) போடலாம், அடியில் இரையும் இறக்கலாம். படகு ஓட ஓட இழுத்துப் பிடிக்க ட்ரோலிங் ரீல்தான் வலு. ஆனால் அதை வைத்து வீசினால் பழகாத கையில் நரம்பு சிக்கிவிடும். சுற்றும்போது கட்டைவிரலால் பரப்பாவிட்டால் பெரும்பாலும் ஒரு பக்கமாகக் குவியும்.

எதுவானாலும் பணத்தை ரீலில் போடுங்கள், ராடில் மிச்சம் பிடியுங்கள். மலிவு ரீலில் சொதப்புவது பெரும்பாலும் ட்ராக்தான் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்): வாஷர் சூடேறி விட்டுவிட்டுப் பிடிக்கும், நரம்பு அறும். 40 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்புக்கு ட்ராக்கை 10 பவுண்டில் வையுங்கள். நரம்பைக் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். வஞ்சிரத்தின் பல்லுக்குக் கம்பி லீடர் (நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே கட்டும் துண்டு) கட்டாயம். கரையேறியதும் ட்ராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். பீய்ச்சியடித்தால் உப்பு உள்ளே போய்விடும்.