விம்மில் அன்டூ, ரீடூ: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில், கட்டளை கொடுக்கும் நார்மல் மோடில் ‘யூ’ அடித்தால் அன்டூ (செய்ததைத் திருப்புவது), கண்ட்ரோல்-ஆர் அடித்தால் ரீடூ (திருப்பியதை மறுபடி செய்வது). அதன் முன்னோடியான பழைய வீஐயில் இருந்தது ஒரே ஒரு படிதான். ‘யூ’வை மறுபடி அடித்தால் போட்ட அன்டூவே ரத்தாகிவிடும். இன்றும் எத்தனை படி அன்டூ என்று சொல்லும் ‘அன்டூலெவல்ஸ்’ அமைப்பை 0 என்று வைத்தால் விம் அப்படித்தான் நடந்துகொள்ளும். இயல்பு அளவு 1000 படி. இதுவரை உள்ளது எந்த எடிட்டரிலும் கிடைப்பதுதான். விம்மை விட்டுப் போக மனம் வராமல் செய்பவை வேறு இரண்டு: 2006இல் 7.0 பதிப்பில் வந்த அன்டூ மரம்; 2010இல் 7.3 பதிப்பில் வந்த, ஃபைலை மூடித் திறந்தாலும் அழியாத அன்டூ. தலைவலி கொடுப்பதும் இந்த இரண்டாவதுதான்.

முதலில் மரம். பெரும்பாலான எடிட்டர்களில் நாலு படி அன்டூ போட்டுவிட்டு ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், அந்த நாலு படி ரீடூவும் போயே போச்சு. விம் அதைத் தூக்கி எறிவதில்லை, தனிக் கிளையாக வைத்துக்கொள்கிறது. ஒரு வரியை வைத்துப் பார்க்கலாம்: ‘காலை மதியம் மாலை’. கர்சரை வரியின் முதலில் வைத்து, ஒரு வார்த்தையை அழிக்கும் ‘டி-டபிள்யூ’ அடித்தால் ‘மதியம் மாலை’ மிஞ்சும். இது மாற்றம் 1. இன்னொரு முறை அடித்தால் ‘மாலை’ மட்டும், மாற்றம் 2. இப்போது ஒரு ‘யூ’ போட்டு, வரிக் கடைசியில் ‘இரவு’ சேர்த்தால் ‘மதியம் மாலை இரவு’, மாற்றம் 3. இனி யூவும் கண்ட்ரோல்-ஆரும் எத்தனை முறை அடித்தாலும் தனியாக நின்ற அந்த ‘மாலை’ திரும்பி வராது. அவை நிற்கும் கிளையில் மட்டுமே ஏறி இறங்கும். ‘ஜி’யும் கழித்தல் குறியும் சேர்த்து அடித்தால் விம் கிளையைப் பார்க்காது, நேர வரிசையில் பின்னால் போகும்: 3இலிருந்து 2, பிறகு 1, பிறகு மூல வரி. முன்னால் வர ‘ஜி’யும் கூட்டல் குறியும். எண் தெரிந்தால் கோலன் போட்டு ‘அன்டூ 2’ என்று நேரே தாவலாம்.

எண்ணை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால் தினசரி வேலைக்குக் கைகொடுப்பது ‘எர்லியர்’ கட்டளை. ‘எர்லியர் 10எம்’ என்றால் பத்து நிமிடத்துக்கு முந்தைய நிலை. எஸ் போட்டால் நொடி, ஹெச் போட்டால் மணி, டி போட்டால் நாள். இவை எல்லாவற்றையும் விட உபயோகமானது ‘எர்லியர் 1எஃப்’: கடைசியாக சேவ் செய்த நிலைக்குப் போகும், சேவுக்குப் பிறகு எதையும் தொடவில்லை என்றால் அதற்கு முந்தைய சேவுக்கு. முன்னால் வர ‘லேட்டர்’. கிளைகளைப் பட்டியலிடும் ‘அன்டூலிஸ்ட்’ கிளை நுனிகளை மட்டும் காட்டும், எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. மரத்தைப் படமாகக் காண ‘அன்டூட்ரீ’ போன்ற ப்ளக்இன் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்துகளைத் தட்டும் இன்சர்ட் மோட் வேறு கதை. உள்ளே போனதிலிருந்து எஸ்கேப் அடிக்கும்வரை தட்டியதெல்லாம் ஒரே மாற்றம். நிரல் எழுதுகிறவர் அடிக்கடி எஸ்கேப் அடிப்பதால் அவருக்கு இது உறைக்காது. கட்டுரை எழுதுகிறவர் மூன்று பத்தி தட்டிவிட்டு ‘யூ’ அடித்தால் மூன்றும் சேர்ந்து மறையும். (பதற வேண்டாம், கண்ட்ரோல்-ஆர் கொண்டுவந்துவிடும்.) இன்சர்ட் மோடிலேயே கண்ட்ரோல்-ஜி, உடனே ‘யூ’ அடித்தால் அந்த இடத்தில் மாற்றம் வெட்டப்பட்டுப் புதியது தொடங்கும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி விசைகளோடு இதை இணைத்து விம்ஆர்சி என்ற சொந்த அமைப்பு ஃபைலில் மேப் செய்துவிட்டால் வாக்கியம் வாக்கியமாக அன்டூ கிடைக்கும். அம்பு விசையால் கர்சரை நகர்த்தினாலும் வெட்டு விழும். வரியில் தட்டியதை அழிக்கும் கண்ட்ரோல்-யூவுக்கும் இதே மேப் வேண்டும். இல்லாவிட்டால் கை தவறி அது அழித்த எழுத்துகளை மட்டும் தனியாக மீட்க முடியாது. விம்மோடு வரும் இயல்பு அமைப்பு ஃபைலில் இது இருக்கிறது; ஆனால் சொந்தமாக விம்ஆர்சி வைத்ததும் அந்த ஃபைல் தானாக ஏறாது.

இப்போது அழியாத அன்டூ. ‘செட் அன்டூஃபைல்’ என்று மட்டும் எழுதினால் திருத்தும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்திலேயே ஒரு மறைவு ஃபைல் முளைக்கும். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் அது தவறிச் சேர்ந்தும்விடும். ‘அன்டூடைர்’இல் தனிக் கோப்புறை கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புறையை விம் தானாக உருவாக்காது. இல்லாத கோப்புறையைக் கொடுத்தால் எதுவும் பதிவாகாது, காரணம் தேடி அலைய வேண்டியதுதான். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் தன் இயல்புக் கோப்புறையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் அதன் அன்டூ ஃபைலும் விம்மின் அன்டூ ஃபைலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர் இரண்டு கோப்புறை வைக்க வேண்டும்.

வரலாறு பதிவாவது சேவ் செய்யும்போது மட்டும். அப்போது ஃபைலின் உள்ளடக்கத்துக்கு ஒரு ஹாஷும் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) சேர்த்து எழுதப்படும். அடுத்த முறை திறக்கும்போது ஹாஷ் பொருந்தவில்லை என்றால் வரலாறு முழுதும் ஒதுக்கப்படும், சாதாரணமாக எச்சரிக்கைகூட வராது. கிட் புல் செய்து மற்றவர் மாற்றங்களை இழுத்த பிறகு ‘யூ’ வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். அந்த நேரத்தில் சேவ் மட்டும் செய்துவிடக் கூடாது; செய்தால் பழைய அன்டூ ஃபைல் மேலெழுதப்படும். சேவ் செய்யாமல் மூடி, கிட்டில் பழைய உள்ளடக்கத்துக்கே திரும்பித் திறந்தால் ஹாஷ் பொருந்தி வரலாறும் வந்துவிடும்.

இன்னொரு பொறி, ‘யூ’வை அழுத்திப் பிடித்தால் ஃபைல் திறந்த நிலையில் நிற்காமல் போன வாரத்துக்குள் போய்விடுவது. கீழ் வரியில் வரும் நேரத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மாற்றம் நடந்து 100 நொடி ஆகும்வரை ‘இத்தனை நொடி முன்’ என்று காட்டும், 12 மணி நேரம்வரை மணி-நிமிடம்-நொடி, அதற்கு மேல் தேதியோடு. தேதி தென்பட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் கறாராகவே இருக்கலாம். ஃபைலிலிருந்து அழித்த கடவுச்சொல் அன்டூ ஃபைலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கோப்புறைக்கு உரிமையாளர் மட்டும் திறக்கக்கூடிய 700 அனுமதி வைத்து, டெம்ப் கோப்புறைக்கும் ரகசிய ஃபைல்களுக்கும் தானாக ஓடும் ஆட்டோகமாண்ட் மூலம் ‘நோஅன்டூஃபைல்’ போட வேண்டும். விம் இந்த ஃபைல்களை ஒருபோதும் தானாக நீக்காது. 90 நாள் தொடப்படாதவற்றை ‘ஃபைண்ட்’ கட்டளையால் அவ்வப்போது அழித்துவிடலாம்.

சேவ் செய்யும்போது ஓடி நிரலின் இடைவெளிகளைச் சீராக்கும் ஃபார்மேட்டர் ப்ளக்இன்களோடு உரசல் உண்டு. ஃபார்மேட்டர் செய்ததும் ஒரு மாற்றமாகப் பதிவாகும், அதனால் முதல் ‘யூ’ இடைவெளிகளை மட்டும் திருப்பிவிட்டுக் கர்சரை எங்கோ கொண்டுபோய் வைக்கும். ப்ளக்இன் ‘அன்டூஜாயின்’ போட்டு முந்தைய மாற்றத்தோடு ஒட்டினால் சரியாகும். ஆனால் அன்டூ செய்த கையோடு சேவ் செய்தால் இ790 பிழை வரும், ஏனெனில் அன்டூவுக்குப் பிறகு ஒட்ட அனுமதியில்லை. பிழையைப் பிடித்துக்கொள்ளும் ‘ட்ரை-கேட்ச்’சுக்குள் அதை வைத்த ப்ளக்இன்களே ஒழுங்காக ஓடுகின்றன.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விம் எதிர்ச்செயலைக் குறித்து வைப்பதில்லை, மாறிய வரிகளின் பழைய பிரதியை வைக்கிறது. லட்சம் வரி லாக் ஃபைல் முழுவதும் ஒரு வார்த்தையை மாற்றினால் படிக் கணக்கில் ஒன்றுதான், ஆனால் மாறிய வரிகள் எல்லாம் நினைவகத்தில் இரண்டாம் முறை உட்காரும். அன்டூலெவல்ஸ் எண்ணுவது படிகளை, பைட்டுகளை அல்ல. ஈமேக்ஸ் எடிட்டர் இதில் புத்திசாலி; அதன் வரம்புகள் பைட் கணக்கில் வருகின்றன. பெரிய லாக்கைத் திருத்தும்போது அந்த பஃபருக்கு (திறந்த ஃபைலுக்கு) மட்டும் ‘செட்லோக்கல்’ வழியாக அன்டூலெவல்ஸை -1 ஆக்கினால் அன்டூ அறவே நின்று எடிட்டர் லேசாகும்.