ஊட்டியில் ‘4கே, 60 ஃபிரேம்’ என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட கணினி

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் நான், மூன்று ஆண்டுச் சேமிப்போடு தீபாவளி போனஸையும் சேர்த்து, சென்ற அக்டோபரில் ஊட்டியிலுள்ள ஒரு கடையில் 82,000 ரூபாய்க்கு விளையாட்டுக் கணினி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த விதம் எந்தக் கடைக்கும் பொருந்தும்.

கடையின் மேல் அலமாரியில் 28 அங்குல மானிட்டர் ஒன்றில் கார்ப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் பச்சை எழுத்தில் 58, 60, 59 என்று ஃபிரேம் கணக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்ற எண், மாறிக்கொண்டிருந்தது. உரிமையாளர் விளையாட்டின் செட்டிங்ஸைத் திறந்து, ரெசல்யூஷன் (படத்தின் புள்ளி அளவு) என்ற இடத்தில் இருந்த 3840 × 2160 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, “தம்பி, இந்த விலைக்கு 4கே அறுபது ஃபிரேம் கோயம்புத்தூர்லயே கிடைக்காது” என்றார். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. அவர் கீழே நகர்த்தவில்லை, நானும் கேட்கவில்லை.

மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை சுற்றிய மானிட்டரை மடியில் வைத்துப் பேருந்தில் வீடு வந்து, அன்றிரவே அதே விளையாட்டை ஓட்டினேன். தூரத்து மரங்கள் மங்கலாக இருந்தன. ஆண்டு முழுதும் மூடுபனி பார்த்து வளர்ந்தவன் என்பதால், விளையாட்டிலும் பனி போலிருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஆனால் சாலையோர மின்கம்பிகள் கோடாக இல்லாமல் புள்ளி புள்ளியாக அறுந்து, கார் நகர நகர எறும்பு ஊர்வது போல நெளிந்தன. கடையில் ஐந்தடி தள்ளி, தலையை நிமிர்த்திப் பார்த்ததில் தெரியாதது, மேசையில் இரண்டடியில் தெரிந்தது.

செட்டிங்ஸைக் கீழே நகர்த்தியபோதுதான் விஷயம் விளங்கியது. சிறிதாக வரைந்த படத்தை மென்பொருளால் பெரிதாக்கும் என்விடியாவின் வசதியான டிஎல்எஸ்எஸ் என்ற வரியில் ‘அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருந்தது. இந்த நிலையில் கிராபிக்ஸ் கார்டு நீளத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே, அதாவது 1280 × 720 அளவில்தான் படத்தை வரைகிறது. மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. 4கே திரையில் இருப்பவை 82,94,400 புள்ளிகள். உண்மையில் வரையப்பட்டவை 9,21,600, சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. அதை அணைத்துவிட்டு முழு அளவில் ஓட்டினேன். எண் 19-இல் வந்து நின்றது.

டிஎல்எஸ்எஸ் மோசடி என்று நான் சொல்லவில்லை. அதே 4கே திரையில் ‘குவாலிட்டி’ நிலையை வைத்தால் கார்டு 2560 × 1440 அளவில் வரைகிறது. அந்த அளவு ஆதாரம் கிடைத்தால் மென்பொருள் நல்ல படத்தைத் தருகிறது. எவ்வளவு வரையப்படுகிறது என்பதை மறைத்துவிட்டு, மேலேயுள்ள எண்ணை மட்டும் காட்டி விற்றதுதான் மோசடி. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது, “எல்லாரும் அப்படித்தான் ஆடுறாங்க தம்பி, கண்ணுக்குத் தெரியாது” என்றார். எனக்குத் தெரிகிறதே!

கோவையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், பக்கவாட்டு மூடியைத் திறந்து கார்டுக்குத் தனி மின்கேபிள் போகிறதா என்று பார்க்கச் சொன்னான். போகவில்லை, அந்தக் கேபிள் பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டு ஓரமாகத் தொங்கியது. கடையில் வாயால் சொன்ன கார்டு 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050. ரசீதில் இருந்ததோ வெறும் ‘ஆர்டிஎக்ஸ் 3050’. ஜனவரி 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் படத்தைக் கணக்கிடும் 2560 கோர்களும் 128 பிட் நினைவகப் பாதையும் உண்டு. பிப்ரவரி 2024-இல் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள், 96 பிட் பாதை; 70 வாட் போதும் என்பதால் தனிக் கேபிளும் வேண்டியதில்லை. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், எனக்கு வந்தது இரண்டாவது என்று காட்டியது. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருந்ததைக் காட்டிக் கடைக்காரர் கைவிரித்தார். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிகம். ரசீதில் எதை அச்சிட்டாலும் அது மாறாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகுதான், கார்டின் விலை வித்தியாசம் என்று 4,500 ரூபாய் கொடுத்தார். மானிட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. செட்டிங்ஸை அவர் மறைத்ததற்கு என்னிடம் சாட்சியும் இல்லை. அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்க வேண்டும்.

ஆகவே கடைக்குப் போனால் விளையாட்டை நீங்களே ஓட்டுங்கள். டிஎல்எஸ்எஸ், அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் இரண்டையும் அணைத்து, எந்த அளவில் வரையப்படுகிறது என்று காட்டும் ரெண்டர் ஸ்கேல் 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மானிட்டரைக் கீழே இறக்கச் சொல்லி, நாற்காலி போட்டுக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். கார்டின் ஜிபி அளவு ரசீதில் எழுதப்படும்வரை பணத்தை எடுக்காதீர்கள். 4கே என்பது 1080 எனப்படும் 1920 × 1080 அளவைப் போல நான்கு மடங்கு புள்ளி, அதாவது கார்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேலை. நான் மானிட்டருக்கு 24,000 கொடுத்தேன். அதில் பாதிக்கு 24 அங்குல 1080 மானிட்டர் ஒன்றை வாங்கி, மிச்சத்தைக் கார்டில் போட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது.

இப்போது அந்த 4கே திரையில் 1920 × 1080 வைத்து, என்விடியா கண்ட்ரோல் பேனலில் இன்டீஜர் ஸ்கேலிங்கைப் போட்டு விளையாடுகிறேன். ஒரு புள்ளி இரண்டுக்கு இரண்டாக, நான்காகவே விரிவதால் மங்கல் இல்லை. 60 ஃபிரேமும் வருகிறது. 2560 × 1440 வைத்தால் ஒன்றுக்கு ஒன்றரை என்று கணக்கு இடறி, எழுத்துகள் கசிகின்றன.

சென்ற வாரம் ஊட்டிக்குப் போனபோது அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். மேல் அலமாரியில் அதே கார் ஓடிக்கொண்டிருந்தது, மூலையில் 59.