மலையில் போடும் ரெடிமேட் இரும்பு லாயம்: சட்டத்தை வாங்கலாம், தரையை வாங்காதீர்கள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் குதிரை லாயம் போட விலை கேட்டால், முதலில் கைக்கு வருவது ரெடிமேட் இரும்புக் கொட்டகையின் விலைப்பட்டியல்தான். சமவெளிப் பட்டறையில் குழாயை அளந்து வெட்டி, லாரியில் ஏற்றி வந்து, இங்கே வெல்டிங் வைத்து, மேலே கலர் தகடு அடித்துக் கொடுக்கிறார்கள். ஒப்பந்தமும் சதுர அடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது. இந்தப் பொருளை மலைக்கு ஏற்றதா என்று பார்த்தால் பாதி தேறுகிறது. தூணும், கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான ட்ரஸும் நல்ல பொருள். தரையும் பக்கச் சுவரும் முகடும் மாட்டுக்கொட்டகைக் கணக்கில் வருகின்றன, அதுவும் வெயில் அடிக்கும் ஊரின் கணக்கில்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மண்சாலை முடிகிற இடத்திலிருந்து மேலே தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டிய நிலங்கள் இங்கே நிறைய. 75 மி.மீ. சதுரக் குழாயை இரண்டு பேர் தோளில் தூக்கிவிடலாம். அதே வலுவுக்குக் கருங்கல்லையும் மணலையும் ஏற்றுவதற்குக் கூலி கட்டுபடியாகாது. கரையான் பயம் இல்லை. பத்தடிக்கு ஒரு தூண் வைத்து, 3 மி.மீ. கனமுள்ள குழாய் போட்டால் சட்டம் மலைக்காற்றைத் தாங்கும். பட்டியலில் கனம் குறிப்பிடாமல் ‘ஹெவி’ என்று மட்டும் போட்டிருந்தால் எண்ணை எழுதி வாங்குங்கள். 1.6 மி.மீ. குழாய்க்கும் பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

அளவில் ஒரு எச்சரிக்கை. மட்டக் குதிரைக்கு 10க்கு 10 அடி, பெரிய குதிரைக்கு 12க்கு 12 அடி அறை வேண்டும். தொகுப்பில் பெரும்பாலும் காட்டுவது 8 அடி அகலம். அது மாட்டை வரிசையில் கட்டுகிற அளவு. மாடு படுத்த இடத்திலேயே எழும். குதிரை புரளும். குறுகிய அறையில் புரண்டால் கால்கள் சுவரில் மாட்டி, எழ முடியாமல் கிடந்து உதறும், வயிறு வீங்கும். ஆள் பார்க்காத இரவில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. உயரமும் அப்படித்தான். கூரை இறங்கி முடிகிற இறவாரத்தில் மட்டக் குதிரைக்குக் குறைந்தது 8 அடி, பெரியதற்கு 10 அடி. கதவு 4 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மேலும் கீழும் தனித்தனித் தாழ்ப்பாள் வையுங்கள். மேல் தாழை வாயால் இழுத்துத் திறக்கக் கற்றுக்கொள்ளும் குதிரைகள் உண்டு.

இனி கோளாறுகள். முதல் கோளாறு தூணின் காலடியில். குதிரை மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும். அது ஈரத்தோடு சேர்ந்து, தூண் தரையைத் தொடுகிற அந்த இரண்டு அங்குலத்தை அரிக்கும். தூணை நேராகக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் அரிப்பு கண்ணில் படாது, படும்போது குழாய் ஓட்டையாகியிருக்கும். தரைக்கு மேல் ஒன்றரை அடி கான்கிரீட் மேடை எழுப்பி, அதன் தலையில் பேஸ் பிளேட் என்ற அடித்தகடு வைத்து நான்கு போல்ட்டில் தூணை நிறுத்துவதே சரி. துத்தநாகம் பூசிய குழாய் என்றால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு எரிந்து போயிருக்கும். அந்த இடங்களுக்குத் துத்தநாகம் கலந்த பெயிண்ட் இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். வெறும் சில்வர் பெயிண்ட் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாவது, பக்கச் சுவர். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அரை மி.மீ. தகட்டைத் தரையிலிருந்து மேலே வரை அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு உதையில் குளம்பு தகட்டைக் கிழித்து வெளியே போய்விடும். காலை உள்ளே இழுக்கும்போது கிழிந்த விளிம்பு தசைநார் வரை அறுக்கும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் பிடிக்கும் என்பதால் சின்ன வெட்டுக்கூட சின்னது இல்லை. நாலடி வரை 6 அங்குல சாலிட் பிளாக் சுவர் கட்டி, உட்புறம் பூசி, அதற்கு மேல் தகடு தொடங்கட்டும். பிளாக் ஏற்ற முடியாத இடத்தில் 2 அங்குலக் கனமுள்ள பலகை. மலையில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தாராளமாகக் கிடைக்கும், வலுவும் உண்டு. ஆனால் பச்சையாக அடித்தால் திருகிக்கொண்டு ஆணியைப் பிடுங்கும், வெடிக்கும். அடுக்கி நிழலில் காயவைத்த பிறகு, ஆணி இல்லாமல் போல்ட்டில் பிணைக்க வேண்டும். போல்ட்டின் தலை பலகைக்குள் அமுங்கியிருக்கட்டும். அடிப்பலகை தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் தூக்கி நிற்கட்டும், இல்லாவிட்டால் அதுதான் முதலில் உளுத்துப்போகும். இரண்டு அறைக்கு நடுவே கம்பி வைத்தால் இடைவெளி 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குளம்பு நுழையும்.

மூன்றாவது, முகடு. சமவெளியில் கொட்டகை வேகும், இங்கே வியர்க்கும். மார்கழி, தை இரவுகளில் ஊட்டியில் உறைபனி கொட்டும்போது கூரைத் தகடு சில்லென்று ஆகிவிடும். குதிரை மூச்சில் வெளியே விடும் ஈரம் அதன் அடியில் நீர்முத்துகளாகக் கோத்து, விடியற்காலையில் சொட்டும். விரிப்பு நனையும், வைக்கோல் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணத் தூளை இழுத்து இழுத்துக் குதிரைக்கு இருமல் நிரந்தரமாகிவிடும். குளிர் என்று பயந்து ஓட்டை ஒடிசல் எல்லாம் அடைப்பவர்கள் இதைத்தான் வரவழைத்துக்கொள்கிறார்கள். நன்றாகத் தின்று, உடம்பு காய்ந்திருக்கும் குதிரை குளிரைத் தாங்கிவிடும். ஈரக்காற்று அடைபட்ட லாயம்தான் அதன் நெஞ்சைக் கெடுக்கும்.

ஆகவே முகட்டில் நீளவாக்கில் திறப்பு வேண்டும். பத்தடி அகலத்துக்கு 2 அங்குலம் என்பது கணக்கு. 24 அடி அகல லாயம் என்றால் சுமார் 5 அங்குலம். அதற்கு மேல் தூக்கிவைத்த முகட்டுத் தகடு, சாரல் உள்ளே அடிக்காதபடி இருபுறமும் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இரண்டு இறவாரங்களிலும் சேர்த்து அதே அளவு திறப்பு விட்டால்தான் கீழிருந்து காற்று ஏறும். ஒற்றைச் சாய்வுக் கூரை என்றால் உயரமான பக்கத்தில் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு வலை அடித்தால் போதும். தகட்டின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய 10 மி.மீ. நுரைப் பாய் போடுவது நல்ல செலவு. சொட்டு வெகுவாகக் குறையும், கல்மழைச் சத்தமும் அடங்கும். தகட்டைப் பூட்டும் திருகாணியில் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அங்கேதான் முதல் ஒழுக்கல்.

வாசல் எந்தப் பக்கம் என்பதைப் பட்டறைக்காரர் தீர்மானிக்கக் கூடாது. ஊட்டியின் மேற்குப் பக்கமும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் நனையும் இடங்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழைதான் பெரிது. சாரல் அடிக்கும் பக்கம் சுவர் ஏறட்டும், காலை வெயில் படும் பக்கம் திறக்கட்டும்.

தரைக்கு வருவோம். விலைப்பட்டியலில் ‘தரை சமன் செய்தல் வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். மலையில் மொத்த வேலையின் கனமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. சரிவில் மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன் செய்தால், லாயத்தில் பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். முதல் பெருமழையில் கொட்டிய பாதி இறங்கும், தரை நடுவே கோடு விழும், அந்தக் கோட்டில் மூத்திரம் இறங்கி நாற்றம் போகவே போகாது. லாயம் முழுவதும் வெட்டிய மண்ணிலேயே உட்காரட்டும். கொட்டிய மண்ணில் சாணக்குழியோ குதிரையை நடத்தும் இடமோ வைத்துக்கொள்ளலாம். வெட்டு முகத்துக்கும் பின்சுவருக்கும் இடையே ஆள் நடக்கும் வழி விட்டு, மேட்டில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். தாங்குசுவரில் நீர் கசிய ஓட்டை விடாவிட்டால் சுவர் வயிறு தள்ளிச் சாயும். அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் மண் வெட்டவே முன் அனுமதி தேவை. அதை வாங்கிய பிறகுதான் இயந்திரம் வர வேண்டும்.

அடியில் பரப்பிக் கெட்டித்த சோலிங் கல்லுக்கு மேல் 4 அங்குலக் கான்கிரீட், சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை. சரிவு 50 அடிக்கு ஓரடி என்ற விகிதம், அதாவது பத்தடி அறையில் சுமார் இரண்டரை அங்குலம் போதும். அதற்கு மேல் சரித்தால் குதிரை நாள் முழுக்கச் சாய்ந்து நின்று கால் தசைநார் நோகும். ரசமட்டம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மேற்பரப்பைக் கரண்டியால் வழவழவென்று தேய்க்க விடாமல், துடைப்பத்தால் கீறச் சொல்லுங்கள். லாடக்கால் வழுக்காது. குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். இரவில் சாக்கு போர்த்தி, இரண்டு வாரமாவது ஈரம் காத்து, நாலு வாரம் கழித்தே குதிரையை ஏற்ற வேண்டும்.

கான்கிரீட் மேல் ரப்பர் பாய் அவசியம். மாட்டுக்கு விற்கும் மெல்லிய பாய் லாடத்தில் கிழியும். 17 அல்லது 18 மி.மீ. கனம் வாங்குங்கள். 4க்கு 6 அடிப் பாய் ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்கிப் பார்த்து இலேசாக இருந்தால் அது நுரைச் சரக்கு. அடியில் வரிப்பள்ளம் உள்ள பாய் நீரை வடியவிடும். வாரம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிக் கழுவாவிட்டால் அந்தப் பள்ளமே மூத்திரத் தொட்டி ஆகிவிடும். மேலே மரச்சீவல் விரிப்பு. அறுப்பு மில்லின் நைசான தூள் வேண்டாம், மூக்குக்குள் போகும்.

அதே கூரையின் கீழ் ஆடு, கோழியும் வைக்க நினைப்பவர்களுக்குத் தீவன அறை தனித்தனி. மோனென்சின் என்ற மருந்து கலந்த கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ கொஞ்சம் தின்றாலே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். குதிரைக்குக் கொடுக்கும் தாமிரம் கலந்த தாது உப்பு செம்மறிக்கு நஞ்சு. மன்னவனூர், சாண்டிநல்லா பக்கம் செம்மறி வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கொள்ளு, தவிடு, வெல்லம் எல்லாம் மூடியுள்ள இரும்புப் பீப்பாயில் இருக்கட்டும். வாசனைக்குக் கரடி வரும், அதற்குத் தகட்டுக் கதவு ஒரு தடையே இல்லை. ஆட்டுப்பட்டிக்கு மேல்பக்கமும் வெல்டிங் வலை வேண்டும், சிறுத்தை கூரை வழியாகவும் இறங்கும். வைக்கோலை குதிரையின் தலைக்கு மேல் பரணில் அடுக்க வேண்டாம். தூசும் தீயும் இரண்டும் அங்கிருந்துதான் இறங்கும். மின்கம்பியை இரும்புக் குழாய்க்குள் விட்டு, விளக்கைக் குதிரையின் வாய் எட்டாத உயரத்தில் வைத்து, கசிவு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றையும் போடுங்கள். முழு லாயமும் இரும்பு என்பதால் எர்த் கம்பி சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். இதுவும் விலைப்பட்டியலில் இருக்காது, நீங்கள்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.