ஸ்மார்ட் டன்னல்: 3 வெள்ளி குடுத்து உள்ள போறீங்களே, எவ்ளோ சேஃப்?

மலேசியாவுல செரம்பான் பக்கத்துலேர்ந்து கேஎல் (கோலாலம்பூர்) டவுனுக்கு வேலைக்கு வர்ற ஆளு நான். சுங்கைபீசி ரோட்டு ஜாம்ல உக்காந்து உக்காந்து வெறுத்துப்போய்தான் கேஎல்ல தரைக்கு அடியில போற இந்த ஸ்மார்ட் டன்னலுக்கு மாறுனேன். காருக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) டோல், நேரம் மிச்சம், அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன கதி, அத மட்டும் எழுதறேன்.

மழ நாள்ல மாமியார கூட்டிட்டு எறங்குனா போதும், "ஏன் மாப்ள இதுக்குள்ள போறீங்க, தண்ணிய தொறந்து விட்டுருவானுங்க"ன்னு சீட் பெல்ட்ட கெட்டியா புடிச்சிக்குவாங்க. சிரிக்க முடியாது, ஏன்னா இது வெள்ளத்துக்குன்னே போட்ட டன்னல், 9.7 கிலோமீட்டர், ஆத்து தண்ணி டவுனுக்குள்ள ஏறாம திருப்பி விடறதுக்கு. அதுல ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான் 2007 மே மாசத்துலேர்ந்து நம்ம காடி (வண்டி) ஓடறதுக்கு. ஆனா சுமாரான மழைன்னா ரோட்டுக்கு அடியில தனி வழில தண்ணி போய்டும், மேல நாம பாட்டுக்கு ஓட்டலாம். பேய் மழைன்னாதான் ரோட்ட மூடி, உள்ள ஒரு காடி கூட இல்லன்னு பாத்துட்டு தண்ணிக் கதவ தொறப்பாங்க, அப்புறம் கழுவி செக் பண்ணிதான் திரும்ப விடுவாங்க. தண்ணி விஷயத்துல எனக்கு பயமே இல்ல.

எனக்கு பயம் பொகைதான். 1999 மார்ச்ல பிரான்ஸ், இத்தாலி நடுவுல இருக்கற மோன் பிளான் டன்னல்ல மாவும் மார்ஜரினும் ஏத்திட்டு போன ஒரு லோரி பத்திக்கிச்சு, 39 பேர் போய்ட்டாங்க, தீ ரெண்டு நாளைக்கு மேல எரிஞ்சுது. நெறைய பேர் காடிய விட்டு எறங்கவே இல்ல, ஒதுங்கறதுக்குன்னு கட்டுன ரூமுக்குள்ளயும் ஆள் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ஐரோப்பால 2004ல சட்டம் போட்டு, அவசர வழி இருக்கற டன்னல்ல ஒன்னுக்கொன்னு 500 மீட்டருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு வச்சாங்க.

அத வச்சு பாத்தா நம்மது மோசமில்ல. இங்க ரோடு மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு ரெண்டு தட்டு, 250 மீட்டருக்கு ஒரு அவசர வழி இருக்கு, மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவுல. ஒவ்வொரு தட்டும் ஒரே பக்கம் ஓடறதுனால நேருக்கு நேர் மோதற கத இல்ல. லோரிய உள்ளயே விடறதில்ல, அதான் பெரிய விஷயம் என்ன கேட்டா, ஒரு கார் எரியற சூட்டுக்கும் சரக்கு லோரி எரியற சூட்டுக்கும் பத்து மடங்கு இருவது மடங்கு வித்தியாசம். மோட்டர்சைக்கிளும் உள்ள கெடையாது. இதுக்கே 4 ஸ்டார் குடுப்பேன்.

ஒரு ஸ்டார் கொறச்சது எதுக்குன்னா, ஒரே குழாய்க்குள்ள ரெண்டு தட்டு போட்டதுல கூரை தாழ்வு, பொகை வந்தா சீக்கிரம் தல மட்டத்துக்கு எறங்கிடும். ஒரே பக்கம் ஓடற டன்னல்ல தீக்கு முன்னாடி இருக்கற காடிங்க ஓடிட்டா தப்பிச்சிடலாம், பொகைய அந்த பக்கம் தள்ளி விடலாம், ஆனா வெளிய போற வாய்ல ஜாம்னா அந்த கணக்கே மாறிடும். அதுல நம்மாளுங்க வேற, 60னு போர்டு இருக்கும், பின்னாடி ஒட்டிக்கிட்டு ஹைபீம் அடிப்பானுங்க, உள்ள போய்தான் போன எடுத்து பாப்பானுங்க. எமர்ஜென்சி லேன் எதுக்கு இருக்குன்னே தெரியாத மாதிரி அதுலயும் பூந்து முந்துவானுங்க லா.

நான் இப்பல்லாம் உள்ள நுழைஞ்சதும் முன் காடிக்கு எடம் விட்டு, அவசர வழி கதவு எந்த பக்கம் வருதுன்னு பாத்துட்டே போறேன். ஏதாச்சும்னா சாவிய காடிலயே விட்டுட்டு எறங்கி ஓடணும், ஃபோட்டோ எடுக்கக்கூடாதுன்னு வீட்லயும் சொல்லி வச்சிருக்கேன். மாமியார் கேட்டுட்டு, "கதவு வரைக்கும் நடந்துருவேன் மாப்ள, அதுக்குள்ள படி எத்தன?"ன்னாங்க. முட்டி வலி அவங்களுக்கு. மேல் தட்டு கீழ் தட்டுன்னா படி இல்லாம எப்படி, அதான் அவங்க வர்ற நாள்ல மட்டும் மேல் ரோட்டுலயே ஜாம்ல போறோம்.